ஊற்றை அளந்துவிட்டு விண்ணப்பம் எழுதுங்கள்

வாசகர் கேள்வி – ஆலோசகர் பதில்

வெளிநாட்டு நிதியில் நடக்கும் வளர்ச்சித் திட்டங்களுக்குள் சுற்றுச்சூழலை எப்படிக் கொண்டுவருவது என்று சேலம் மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றில் ஆறு கேள்விகளுக்கு இந்த இதழில் எங்கள் ஆலோசகர் குழு பதில் சொல்கிறது.

கேள்வி: நாகலூர்ப் பக்கம் ஒரு மலைக்கிராமத்துக்குக் குடிநீர்த் திட்டம். ஊர்க்காரர்கள் இப்போது மேட்டுச் சுனையில் தண்ணீர் பிடிக்கிறார்கள், கோடையில் பற்றுவதில்லை. போர்வெல் போட வெளிநாட்டு நன்கொடையாளர் சம்மதித்துவிட்டார். இப்போது "சுற்றுச்சூழல் பாதிப்பு பற்றி இரண்டு பக்கம் அனுப்புங்கள்" என்கிறார். அதில் என்ன எழுதுவது? – தொண்டு நிறுவனச் செயலாளர், ஏற்காடு

எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு பத்து லிட்டர் பக்கெட்டும் கைப்பேசியும் எடுத்துக்கொண்டு அந்தச் சுனைக்குப் போய் வாருங்கள். அந்த இரண்டு பக்கத்தில் எழுத வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட் பாறை. இந்தப் பாறைக்குள் தண்ணீர் தங்காது. மேலே மக்கிக் கிடக்கும் மண் அடுக்கிலும், பாறை வெடிப்புகளிலும் மட்டும்தான் தங்கும். நீங்கள் போடும் போர்வெல் எந்த வெடிப்பில் இறங்குகிறதோ, அதே வெடிப்புதான் கீழே சுனையாகக் கசிகிறது என்றால், மோட்டார் ஓட ஓட சுனை வற்றும். ஊருக்கு இருந்த ஒரு தண்ணீரையும் நன்கொடைப் பணத்தில் நாமே நிறுத்திவிட்டதாக ஆகும். நன்கொடையாளர் கேட்கும் பாதிப்பு இதுதான். அவருக்கு இந்தப் பாறை தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

அளப்பது எளிது. சுனைநீர் முழுவதையும் ஒரு குழாயிலோ தகரத்திலோ ஒன்றுசேர்த்து பக்கெட்டில் விடுங்கள். நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். 50 வினாடி என்றால் மணிக்கு 720 லிட்டர், நாளுக்கு 17,280 லிட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கை ஓடைக்கும் மாட்டுக்கும் காட்டு விலங்குக்கும் விட்டுவிடுங்கள். மீதி 11,520 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். அதன்படி இது சுமார் 200 பேருக்குப் போதும். ஆனால் இந்தக் கணக்கை பங்குனி, சித்திரையில் அளந்த அளவை வைத்துத்தான் போட வேண்டும். ஐப்பசி மழையில் அளந்துவிட்டுத் திட்டம் போட்டால் கோடையில் ஊர் குடத்தோடு நிற்கும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, ஓராண்டு முழுக்க, ஊரில் ஒருவரே அளந்து ஒரே நோட்டில் குறித்து வரட்டும்.

பல ஊர்களில் பற்றாக்குறைக்குக் காரணம் சுனையே இல்லை, தொட்டி இல்லாததுதான். இரவு பத்து மணி நேரம் யாரும் பிடிக்காமல் ஓடிப்போகும் தண்ணீர் மட்டும், மேலே சொன்ன கணக்கில், 7,200 லிட்டர். 10,000 லிட்டர் தொட்டி ஒன்று கட்டிச் சரிவிலேயே குழாயில் இறக்கினால் மோட்டாரும் வேண்டாம், கரன்ட் பில்லும் வேண்டாம்.

சுனையைக் கட்டும்போது வரும் தவறு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தண்ணீர் நிறையத் தேங்கட்டும் என்று, சுனையைச் சுற்றிக் கட்டும் பெட்டியின் வெளிக்குழாயைச் சுனைக்கண்ணுக்கு (பாறையில் நீர் கசியும் இடத்துக்கு) மேலே வைத்துவிடுகிறார்கள். தேங்கிய நீரின் அழுத்தம் ஊற்றைப் பின்னால் தள்ளும். ஊற்று வேறு வெடிப்பைத் தேடிக்கொண்டு பத்தடி தள்ளிக் கிளம்பும், கட்டிய பெட்டி காய்ந்து கிடக்கும். வெளிக்குழாய், வழிந்தோடும் குழாய் இரண்டுமே சுனைக்கண்ணின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மண்ணை அகற்றிப் பாறையில் நீர் கசியும் இடம்வரை கையால் தோண்டுங்கள், வெடி வைக்கவே கூடாது. கண்ணுக்கு முன்னால் 20 முதல் 40 மில்லிமீட்டர் கழுவிய ஜல்லி, இரு பக்கமும் மிதித்து இறுக்கிய களிமண், அடியில் கழிவு திறக்கும் குழாய், மேலே பூட்டுள்ள மூடி. பெட்டிக்குப் பத்து மீட்டர் மேலே மழைநீரைத் திருப்பிவிட ஒரு வாய்க்கால். கழிப்பறைக் குழி குறைந்தது 30 மீட்டர் தள்ளி, அதுவும் ஊற்றுக்கு மேல்பக்கம் வராமல்.

அடுத்தது ஊற்றுக்கு நீர் ஊட்டும் சரிவு. 4 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழத்தில் சமமட்ட அகழி ஒன்று வெட்டினால் அது ஒரு கன மீட்டர், அதாவது 1,000 லிட்டர். நூறு அகழி ஒருமுறை நிறைந்தால் ஒரு லட்சம் லிட்டர் மண்ணுக்குள் போகும். ஒரு வரிசை அகழிக்கும் அடுத்த வரிசைக்கும் இடைவெளிகள் மாறி மாறி வரவேண்டும். வெட்டிய மண்ணை கீழ்ப்பக்கமாகப் போட்டு வெட்டிவேர் நடுங்கள். மூன்று அடிக்கு ஓர் அடிக்கு மேல் இறங்கும் சரிவில், மண்ணில் பிளவு தெரியும் இடத்தில், வீடுகளுக்கு நேர் மேலே அகழி வெட்டாதீர்கள். நீர் ஊறி மண்சரிவு வரும்.

தண்ணீரின் தரத்தையும் விட்டுவிடாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு பரிசோதனைக் குப்பியில் நீரை ஊற்றி வைத்து, 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கறுத்தால் மலக்கிருமி கலந்திருக்க வாய்ப்பு அதிகம். போர்வெல்தான் என்று முடிவானால் ஃபுளோரைடு பார்க்காமல் கைப்பிடி வைக்காதீர்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, மாற்று வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. பக்கத்துத் தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனில் வந்ததே நிலத்தடி நீரின் ஃபுளோரைடால்தான். வங்கதேசத்தில் 1970-களில் யுனிசெஃப் உதவியோடு லட்சக்கணக்கில் குழாய்க் கிணறு போட்டபோது கிருமியைப் பற்றி யோசித்தார்கள், ஆர்சனிக்கைச் சோதிக்கவில்லை. கோடிக்கணக்கான மக்கள் அந்த நீரைக் குடித்தார்கள். நல்லெண்ணத்தில் எந்தக் குறையும் இல்லை. ஒரு பரிசோதனைதான் விட்டுப்போனது.

இப்போது இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள். ஊற்றின் அளவுகள், தண்ணீர்ச் சோதனை முடிவு, ஊற்றுப் பெட்டி, போர்வெல் இரண்டுக்கும் செலவு ஒப்பீடு, யார் பராமரிப்பார்கள், அதற்கு மாதம் எவ்வளவு. ஓராண்டு அளவு இல்லையென்றால் ஒரு கோடை அளவாவது எடுத்துவிட்டு, அளப்பதையே முதல் ஆண்டுச் செலவாகப் பட்ஜெட்டில் கேளுங்கள். கேட்டால் கொடுப்பார்கள்.

கேள்வி: வெளிநாடு வாழ் தமிழர் அமைப்பு ஒன்று ஏற்காடு சரிவில் 10,000 மரக்கன்று நடப் பணம் தருகிறது. இரண்டு மாதத்தில் முடித்து, படங்களோடு அறிக்கை கேட்கிறார்கள். முடியுமா? – கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர், சேலம்

நட முடியும், காப்பாற்ற முடியாது. மூன்று மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு 1,111 கன்று. 10,000 கன்றுக்கு 9 ஹெக்டேர், கிட்டத்தட்ட 22 ஏக்கர் வேண்டும். அந்த 22 ஏக்கர் யாருடையது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். வனத்துறை நிலம் என்றால் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு குழிகூட வெட்ட முடியாது. ஊர்ப் பொது நிலம் என்றால் ஆடு மாடு எங்கே மேயும் என்று ஊரோடு பேசி முடித்திருக்க வேண்டும். சேர்வராயன் கோவில் மேட்டைச் சுற்றியுள்ள திறந்த புல்வெளியைத் 'தரிசு' என்று நினைத்து அங்கே மரம் வைத்துவிடாதீர்கள். புல்வெளி அதுவே ஒரு வாழிடம்.

குழி 45 செ.மீ. நீள, அகல, ஆழம். கோடையிலேயே வெட்டி வெயிலில் ஆறவிட்டு, மேல்மண்ணையும் மக்கிய எருவையும் கலந்து நிரப்புங்கள். மலையில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. முதல் நல்ல மழை இரண்டு மூன்று பெய்து மண் ஊறிய பிறகு நட வேண்டும். நன்கொடையாளரின் நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது என்பதற்காக பிப்ரவரியில் நட்டால் கன்று தண்ணீர் லாரியை நம்பித்தான் பிழைக்க வேண்டும். பாலித்தீன் பையைக் கிழித்து எடுத்துவிட்டு நடுங்கள். பையின் அடியில் சுருண்ட வேரை நறுக்கிவிடுங்கள். சுருண்ட வேரோடு நட்ட மரம் ஐந்தாறு ஆண்டு நன்றாக நிற்பதுபோல் நின்று ஒரு காற்றில் சாய்ந்துவிடும். நர்சரியில் கிடைக்கிறதே என்று சில்வர் ஓக்கை மட்டும் வாங்கி அடுக்காதீர்கள். நாவல், அத்தி, கடுக்காய், சந்தனவேம்பு, ஈட்டி என்று கலந்து கேளுங்கள். அதற்கு ஓராண்டு முன்பே விதை போடச் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் போதாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

பணத்தைப் பிரிப்பதில்தான் இப்படிப்பட்ட திட்டங்கள் பிழைக்கின்றன அல்லது சாகின்றன. நூறு ரூபாயில் 95 ரூபாயை நடும் நாளிலேயே செலவழித்தால், தை மாதத்துக்குப் பிறகு தீத்தடுப்புக் கோடு வெட்டவும், களை எடுக்கவும், செத்த கன்றுக்கு மாற்று வைக்கவும் ஒன்றும் மிஞ்சாது. எங்கள் கணக்கு: முதல் ஆண்டு 55, இரண்டாம் ஆண்டு 25, மூன்றாம் ஆண்டு 20. மாற்றுக் கன்றாக, நட்ட எண்ணிக்கையில் முதல் ஆண்டு ஐந்தில் ஒரு பங்கு, அடுத்த ஆண்டு பத்தில் ஒரு பங்கு ஒதுக்குங்கள். கூலியை ஊகத்தில் போடாதீர்கள். அந்த இடத்திலேயே பத்துக் குழி வெட்டிப் பார்த்து, ஆன நேரத்தைக் கொண்டு கணக்கிடுங்கள். செம்மண் பகுதிக்கும் கல் பகுதிக்கும் கூலி இரண்டு மடங்கு வித்தியாசம் வரலாம். காட்டெருமை நடமாடும் சரிவில் முள்வேலி நிற்காது. முள்ளுக்கிளையைக் குழியைச் சுற்றி ஊன்றுவதே மேல்.

அறிக்கையில் "நட்ட கன்று" என்ற எண்ணுக்குப் பதில் "மூன்றாம் ஆண்டு சித்திரை முடிவில் உயிரோடு நிற்கும் கன்று" என்ற எண்ணைக் கொடுக்க ஒப்புக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பத்தாவது வரிசையையும் முழுமையாக எண்ணினால் போதும். 1,000 குழி பார்த்து 640 இருந்தால் 64 விழுக்காடு. நட்டவர்களே எண்ணாமல் ஊர்க்குழுவிலிருந்து இருவர் கூட வரட்டும். 1997-இல் ஜப்பான் கடனில் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம், மரக்கன்றோடு தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை, கிராம வனக் குழு எல்லாவற்றையும் சேர்த்தே வகுக்கப்பட்டது. மரத்தை மட்டும் தனியாக வைத்தால் நிற்காது என்ற புரிதல் அப்போதே இருந்தது. உங்களுக்கு வரும் பணத்தில் 10,000-க்குப் பதில் 3,000 கன்று நட்டு மூன்றாண்டு பார்க்கலாம் என்று தைரியமாகத் திருப்பி எழுதுங்கள்.

கேள்வி: விண்ணப்பப் படிவத்தில் "சுற்றுச்சூழல் குறியீடு 0, 1, 2" என்று இருக்கிறது. எங்கள் திட்டம் பள்ளிக் கழிப்பறை. 2 போட்டால் நிதி கிடைக்க வாய்ப்பு அதிகமா? – தொண்டு நிறுவனப் பொருளாளர், ஓமலூர்

2 போடாதீர்கள். பணக்கார நாடுகளின் வளர்ச்சி உதவிக் குழு தன் நிதியைக் கணக்கிட வைத்திருக்கும் முறை இது. பல்லுயிர், பருவநிலை, பாலைவனமாதல் ஆகியவற்றுக்கான ரியோ குறியீடுகள் 1998-இல் வந்தன. பருவநிலைத் தகவமைப்புக்குத் தனிக் குறியீடு 2010-இலிருந்து. 0 என்றால் ஆராய்ந்து பார்த்தோம், அந்த நோக்கம் இல்லை என்று பொருள். 1 என்றால் முக்கிய நோக்கங்களில் ஒன்று. 2 என்றால் அதுவே தலையாய நோக்கம். சோதித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும்: சுற்றுச்சூழல் காரணத்தை எடுத்துவிட்டால் இந்தத் திட்டத்தைச் செய்வோமா? பள்ளிக் கழிப்பறையை எப்படியும் கட்டுவோம். ஆகவே அது 2 ஆகாது. கழிவு ஓடையில் கலக்காமல் இரட்டைக் குழி முறையில் கட்டி, நிலத்தடி நீரைக் காப்பதை நோக்கங்களில் ஒன்றாக எழுதி, அதற்குப் பட்ஜெட்டில் ஒரு வரியும் அளக்க ஒரு குறியீட்டெண்ணும் வைத்தால் 1 போடலாம். அந்த வரி இல்லையென்றால் 0. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பொய்யாக 2 போட்டவர்களிடம் இரண்டாம் ஆண்டு மதிப்பீட்டாளர் வந்து நிலத்தடி நீரின் அளவீடுகளைக் கேட்பார்.

கேள்வி: எங்கள் குழு சிறியது, எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லை. பெரிய நிறுவனம் ஒன்று வெளிநாட்டுப் பணம் வாங்கி எங்களுக்குக் கொடுக்கலாமா? கண்காணிப்பாளர் சம்பளம் நிர்வாகச் செலவில் சேருமா? – மகளிர் குழு ஒருங்கிணைப்பாளர், ஆத்தூர்

கொடுக்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற நிறுவனம் வாங்கிய வெளிநாட்டு நன்கொடையை இன்னொரு அமைப்புக்கு மாற்றுவது தடை. நிர்வாகச் செலவின் வரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆனது. பணம் முதலில் வந்து சேர வேண்டியது பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில். பதிவுக்குப் பொதுவாக மூன்றாண்டு இயங்கியிருக்க வேண்டும். அதற்குள் ஒரு குறிப்பிட்ட நன்கொடையாளரின் ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கு முன் அனுமதி கேட்க எஃப்.சி.3பி படிவம் உண்டு. ஐ.நா., அதன் சிறப்பு அமைப்புகள், உலக வங்கி ஆகியவற்றைச் சட்டம் வெளிநாட்டு மூலமாகவே கருதுவதில்லை. சிறு குழுவுக்கு அந்த வாசல் எளிது. பருவநிலைத் தகவமைப்புக்கான பன்னாட்டு நிதியில் ஒரு பகுதி நபார்டு (வேளாண், ஊரக வளர்ச்சி வங்கி) வழியாகவும் வருகிறது. மாவட்ட நபார்டு அலுவலரைப் பார்த்துப் பேசுங்கள்.

சம்பளம் பற்றி: திட்ட நோக்கத்தை நேரடியாக நிறைவேற்றும் செலவு நிர்வாகச் செலவில் சேராது. மருத்துவமனைக்கு மருத்துவர் சம்பளம் எப்படியோ அப்படி. எனவே "ஊற்று அளவையும் கன்றுகளின் உயிர்ப்பையும் கண்காணிப்பது" என்பதை நோக்கத்திலேயே எழுதிவிட்டு, அதற்கு ஆளை நியமியுங்கள். வெறுமனே "கண்காணிப்பாளர்" என்று சம்பளப் பட்டியலில் இருந்தால் தணிக்கையில் நிர்வாகத்தில் போய்ச் சேரும். உங்கள் ஆடிட்டரிடம் ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே காட்டிவிடுங்கள்.

கேள்வி: மஞ்சக்குட்டையில் மூன்று ஏக்கர் காப்பி. ஐரோப்பிய உதவித் திட்டக்காரர்கள் வந்து தோட்டத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை கேட்கிறார்கள். கொடுக்கலாமா? – விவசாயி, ஏற்காடு வட்டம்

கொடுக்கலாம், ஆனால் நகல் உங்களிடமும் இருக்கட்டும். காடழிப்பில் விளைந்த பொருளைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் போட்டது, அதில் காப்பியும் உண்டு. அமலாகும் தேதி தள்ளிப்போனாலும் அடிப்படை நாள் 2020 டிசம்பர் 31. அதற்குப் பிறகு காட்டை வெட்டிப் போட்ட தோட்டத்துக் காப்பி அங்கே போகாது. 4 ஹெக்டேர் வரை ஒரு புள்ளி போதும், அதற்கு மேல் எல்லை முழுவதும் வரைய வேண்டும். தசமத்துக்குப் பிறகு ஆறு இலக்கம் தேவை. இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் வரை பிசகி, உங்கள் தோட்டம் பக்கத்துக் காப்புக்காட்டில் விழுந்துவிடும். வீட்டு வாசலில் நின்று எடுக்காமல் தோட்டத்தின் நடுவில், மரக்கிளை விலகிய இடத்தில் நின்று எடுங்கள். பட்டா, சிட்டா நகலும் தயாராக இருக்கட்டும்.

திட்டக்காரர்களிடம் நீங்களும் ஒன்று கேளுங்கள்: நிழல் மரத்துக்கும், பழத்தோல் நீக்கும்போது வரும் பல்பிங் கழிவுநீருக்கும் என்ன உதவி? நிழல் குறைந்து வெயில் நேரே விழும் அராபிகா செடியைத்தான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு தேடிப் போகும். பழத்தோல் ஊறிய நீர் அப்படியே ஓடைக்குப் போனால் புளித்து, நீரிலுள்ள ஆக்ஸிஜனை உறிஞ்சிவிடும். தோலைத் தனியே வடித்து எருக்குழிக்கும், நீரைச் சுண்ணாம்பிட்டுத் தொட்டிக்கும் அனுப்ப நிதி கேட்பது உங்கள் உரிமை. கீழே திருமணிமுத்தாறும் சரபங்காவும் இந்த மலையில்தான் பிறக்கின்றன.

கேள்வி: வெளிநாட்டு வங்கிக் கடனில் நடக்கும் பணியால் எங்கள் ஊர் ஓடை மண்ணால் மூடிவிட்டது. ஒப்பந்ததாரர் காது கொடுக்கவில்லை. எங்கே சொல்வது? – வாசகர், வாழப்பாடி

முதலில் அந்தத் திட்டத்தின் குறைதீர்க்கும் குழுவுக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். உலக வங்கி 2018 அக்டோபருக்குப் பிறகு தொடங்கும் திட்டங்களுக்கு வைத்திருக்கும் பத்துத் தரநிலைகளின்படி அப்படி ஒரு ஏற்பாடு கட்டாயம் இருக்க வேண்டும். பணியிடத்தில் அதன் முகவரி எழுதிய பலகையே இல்லையென்றால் அதையும் ஒரு குறையாக எழுதுங்கள். பதில் வரவில்லையென்றால் வங்கியின் தில்லி அலுவலகம். அதற்கும் பதில் இல்லையென்றால் உலக வங்கியின் ஆய்வுக் குழு. பாதிக்கப்பட்ட இருவர் சேர்ந்து கையெழுத்திட்டாலே போதும், தமிழிலேயே எழுதலாம். நர்மதை அணைத் திட்டத்தில் எழுந்த எதிர்ப்பும், 1993 மார்ச்சில் இந்தியா மீதிக் கடனை வேண்டாம் என்றதும்தான் அந்த ஆண்டே இந்தக் குழு உருவாகக் காரணம். ஆசிய வளர்ச்சி வங்கிக்கும் ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவுக்கும் இதேபோல் தனித்தனி வழி உண்டு. எந்த வங்கியின் பணம் என்பதைப் பணியிடப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் "பெரும் பாதிப்பு" என்று எழுதாதீர்கள். ஓடையின் அகலம் முன்பு எத்தனை அடி, இப்போது எத்தனை, எந்தத் தேதியில் எந்த இடத்தில் மண் கொட்டினார்கள், எத்தனை கிணற்றுக்கு நீர் வரவில்லை என்று எழுதுங்கள். ஒரே இடத்தில் நின்று மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் இரண்டு. படத்தில் அளவு தெரிய ஒரு மண்வெட்டியை ஓடையில் நிறுத்தி எடுங்கள்.